கொச்சிக்காய்ச் சாக்கின் சாட்சி

பாஸ்டர் ஜொய்சன், லயனலுடைய மீட்பைத் தட்டச்சு செய்து, மூன்று பக்கங்களில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏழு நிமிசம் அங்கிள். கூடப் போகக்கூடாது. ஏழாவது நிமிசத்தில புகை வரும்."

"என்ன புகை?"

"மேடையிலதான். கொழும்பிலிருந்து மெசின் வருகுது. நீங்க 'பேரொளி இறங்கியது' எண்டு சொல்ல, வெள்ளை லைட்டும் புகையும் ஒண்டா வரும். கனடாவில இருந்து வாற ஆக்களுக்கு விளங்கோணுமே."

லயனல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் தாம் எப்படி உயிர் தப்பினார் என்று அதில் எழுதியிருந்தது. விண்ணிலிருந்து பேரொளி ஒன்று இறங்கியதாம். பகைவரின் கண்கள் இருண்டனவாம். லயனல் என்னும் பாவியை ஒரு கரம் வந்து தூக்கியதாம்.

"இது ஆருக்கு நடந்த மனே?"

"உங்களுக்குத்தான் அங்கிள்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே."

பாஸ்டர் பொறுமையாகச் சிரித்தார். அந்தச் சுற்றிவளைப்பு நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் பிறந்தார். ஆனாலும் அதைப் பற்றி லயனலைவிட அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது.

"என்னைக் காப்பாத்தினது கொச்சிக்காய்ச் சாக்கு. அதை இதில காணல்ல."

"அங்கிள், சபையின்ர எழுவத்தஞ்சாவது ஆண்டு விழா. அதில போய்க் கொச்சிக்காய் எண்டா எப்பிடி? அது சமையல் சாமான்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி மேர்டிலின் குரல் வந்தது. "கழுதையில ஏறிப் போனவரைத்தானே பாஸ்டர் நாம கும்பிடுற? கொச்சிக்காய்க்கு மட்டும் என்ன குறை?"

பாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேர்டிலுக்காகச் சற்று நீளமாகவே ஜெபம் பண்ணினார்.

நடந்தது இதுதான்.

அந்த வருடம் லயனலுக்கு முப்பத்திரண்டு வயது. பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலின் வாசிப்பார். மற்ற நாட்களில் மரவேலை செய்யும் ஓடாவி. அவர் செய்த அலுமாரிகளின் கதவுகள் மூடுவதில்லை என்று புளியந்தீவில் ஒரு பேச்சு உண்டு. சபைக் கோயிலுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் போவார். அதுவும் கேக் வெட்டும் நேரம் பார்த்து.

ஒரு நாள் விடியற்காலை அவர் குடியிருந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். யார், எந்த உடுப்பு என்று கேட்கவேண்டாம். அந்த வருடங்களில் உடுப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. சாக்கு மட்டும் மாறவில்லை. பதினைந்து வயதிலிருந்து ஐம்பது வயது வரையான ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நாற்பத்து மூன்று பேர். மைதானத்தின் மறுமுனையில் ஒரு ஜீப். ஜீப்புக்குள் ஒரு மனிதன். அவன் தலையில் சாக்கு. சாக்கில் கண்களுக்கு இரண்டு துளை. அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்கவேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீடு. சாக்கு மேலும் கீழும் ஆடினால் லொறி. லொறி எங்கே போகும் என்பதை, ஏறியவர்களில் எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

அன்று அவர்கள் தலையாட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள்; சாக்கைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். ஆகவே சந்தியிலிருந்த இஷாமின் பலசரக்குக் கடையில் போய், ஒரு சாக்குத் தா என்று அதட்டினார்கள். இஷாம் அரிசிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, மூலையில் கிடந்த ஒரு சாக்கை உதறாமல் எடுத்துக் கொடுத்தான். "நல்ல சாக்கத் தூக்கிக் குடுக்க எனக்கென்ன விசரா?" என்று இன்றைக்கும் கேட்பான். அது செத்தல் கொச்சிக்காய், காய்ந்த மிளகாய், வந்த சாக்கு.

லயனல் வரிசையில் முப்பத்தோராவது ஆள். ஜெபம் பண்ணவேண்டும் என்று தோன்றியது. முப்பத்திரண்டு வருடமாகப் பழகாத வேலை, உடனே வருமா? தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு ஜெபம்தான் கிடைத்தது; சிறுவயதில் சாப்பாட்டு மேசையில் சொல்லித்தந்தது. வேறு வழியில்லாமல் அதையே முணுமுணுத்தார்.

"கர்த்தாவே, நீர் தரும் இந்த உணவுக்காக உமக்கு நன்றி. இதைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதியும். ஆமென்."

முன்னால் முதலாவது ஆள் போய் நின்றான். சாக்கு சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு பின்னுக்குச் சாய்ந்தது. பிறகு முன்னுக்கு விழுந்தது.

"ஹா... ஹா... அச்சும்! யேசுவே!"

அதிகாரி பார்த்தார். இது ஆட்டலா, தும்மலா? அடுத்த ஆள் என்றார். இரண்டாவது ஆள், தும்மல். மூன்றாவது ஆள், தும்மல். பதினைந்தாவது ஆள் வந்தபோது அதிகாரி தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். சாக்கைக் கழற்றினால் முகம் தெரிந்துவிடும். வேறு சாக்குக்கு ஆளனுப்பினால் இஷாம் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தான். லயனல் முன்னால் போய் நின்றபோது சாக்குக்குள்ளிருந்து ஒரு பலத்த "அச்சும்" வந்தது. லயனல் பயத்தில் "ஆமென்" என்றார்.

நாற்பத்து மூன்று பேருக்கும் நாற்பத்து மூன்று தும்மல். அத்தனை பேரையும் ஏற்ற லொறியில் இடமில்லை. ஆளுக்கொரு உதை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரத்துக்குள் ஊரில் இதற்கு நாற்பத்து மூன்று விளக்கங்கள் உண்டாகிவிட்டன. ஒருவர் தாம் நேர்ந்துகொண்ட மெழுகுதிரி என்றார். இன்னொருவர் தம் ஜாதகம் என்றார். காணிக் கந்தோரில் வேலை பார்த்த டஸ்டின், அதிகாரியிடம் தாம் சொன்ன "குட் மோர்னிங் சேர்" என்ற ஆங்கிலமே எல்லோரையும் காப்பாற்றியது என்றார். அன்றிலிருந்து டஸ்டின் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இப்போது அவர்தான் விழாக்குழுத் தலைவர்.

லயனலுக்கு மட்டும் விளக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பாட்டு ஜெபத்தைச் சொன்னார், உயிர் கிடைத்தது. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. கடையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். இதை எங்கே திருப்பிக் கொடுப்பது? அடுத்த ஞாயிறு கேக் இல்லாத நாளில் முதன்முறையாகக் கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். மற்றவர்களுக்கு விசுவாசம் வெளிச்சமாக வந்தது என்பார்கள். இவருக்கு அது மூக்கரிப்பாக வந்தது, போகவேயில்லை.

அந்த வருடங்களில் பிணங்கள் நிறைய. பெட்டி வாங்க ஆளில்லாத பிணங்கள் அதைவிட நிறைய. தன்னைத் திருப்பி அனுப்பியதற்கு ஏதாவது காரணம் இருக்கவேண்டும் என்று யோசித்து, லயனல் அவர்களுக்குப் பெட்டி செய்யத் தொடங்கினார். பலகை கிடைத்தால் பலகையில்; கிடைக்காவிட்டால் வீட்டுக் கதவில். மேர்டில் மூன்று வருடம் கதவில்லாத குளியலறையில் துணி கட்டிக்கொண்டு குளித்தாள். அலுமாரி போலல்லாமல், பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக மூடின. முறைப்பாட்டோடு எவரும் திரும்பி வரவில்லை என்று சொல்லிவிட்டு, லயனல் சிரிக்காமல் இருப்பார்.

ஏழு வருடம் கழித்து ஒரு நாள், மாவும் தூளும் அரைக்கும் மில்லுக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். உள்ளே கொச்சிக்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது.

"ஹா... ஹா... அச்சும்! யேசுவே!"

லயனல் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மெலிந்த ஒரு மனிதன் அவர் முகத்தைப் பார்த்தான், மூட்டையைப் போட்டான், பின்கதவால் ஓடினான். வாவிக்கரை நெடுக ஒருவன் உயிர்ப்பயத்தில் ஓட, அவனுக்கு நன்றி சொல்வதற்காக இன்னொருவர் துரத்திக்கொண்டு போனார். "நில்லுடா! ஒண்டும் செய்யமாட்டன்!" என்று கத்தினார். அந்த வருடங்களில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு துரத்தினார்கள் என்பதால் அவன் இன்னும் வேகமாக ஓடினான். கடைசியில் இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

அவன் பெயர் பிலிப்பு. கல்குடா மீன்பிடிக்காரன். கரையில் வைத்துப் பிடித்து, மூன்று நாள் அடித்து, ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து சாக்கைப் போட்டார்களாம். புளியந்தீவில் ஒருவரையும் அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னதற்கும் அடித்தார்களாம்.

"நல்ல காலம் அந்தச் சாக்கு" என்றார் லயனல், மூச்சு வாங்கிக்கொண்டு.

பிலிப்பு சேற்றைத் துப்பினான். "முதல் மூண்டு பேருக்கும்தான் அண்ணே சாக்கு. மறுகா மூக்குப் பழகிட்டுது. தும்மல் வரல்ல. ஆரோ ஒரு ஆளுக்குத் தலையாட்டுடா எண்டு பின்னால நிண்டவன் முதுகில துவக்கால குத்துறான். என்ன செய்யிற? போட்டன்."

"என்னத்தப் போட்ட?"

"தும்மலைத்தான். நாற்பது பொய்த் தும்மல். அதுக்குப் பிறகு என்ர காதொண்டு கேக்காது, அடிச்ச அடியில."

லயனல் சற்று யோசித்தார். "நான் வரக்குள்ள 'யேசுவே' எண்டு சொல்லல்லயே நீ?"

"பொய்க்கு அவரைக் கூப்பிடலாமா அண்ணே? மூண்டு தரம் உண்மையாத் தும்மினன், மூண்டு தரம் கூப்பிட்டன். மற்றதெல்லாம் நான் தனியச் செஞ்ச வேலை."

லயனல் அவனைக் கூட்டிவந்து சபையின் சமையலறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஆராதனை முடிய எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவது பிலிப்புதான். சபைக்கு உள்ளே வந்து உட்காரமாட்டார். பின்கதவடியில் தட்டோடு நிற்பார். தும்மல் வந்தால் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். ஊரில் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று ஆயுசு சொல்வது வழக்கம். பிலிப்புக்கு இருபத்தேழு வருடமாக எவரும் அதைச் சொன்னதில்லை.

உறையோடு சமையலறைக்குப் போன லயனலைப் பார்த்ததும் பிலிப்பு கேத்தலை இறக்கி வைத்தார்.

"என்ன ஓடாவியார், உங்களுக்கு ஒளி வந்ததாமே?"

"உனக்கு ஆர் சொன்ன?"

"நிகழ்ச்சி நிரல் இந்தா, கதவில ஒட்டியிரிக்கி. 'பேரொளி கண்ட லயனல்.' மறுகா டான்ஸ். மறுகா டஸ்டின் சேர்ர பேச்சு."

"நான் உண்மையைச் சொல்லப்போறன் பிலிப்பு. முப்பது வருசத்துக்கு மேலாச் சாப்பாட்டுக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கன். ஒருக்காலாவது ஆக்களுக்கு முன்னால சரியான ஆளுக்குச் சொல்லோணும். உன்ர பேரச் சொல்லமாட்டன்."

பிலிப்பின் கை கோப்பைமேலேயே நின்றது. "பேர் என்னத்துக்கு? நான் ஒருக்காத் தும்மினாக் காணும். சாக்கப் போட்டவன் போட்டவன்தான். உள்ளுக்க இருந்து என்ன செஞ்சன் எண்டு ஆர் பாத்த?"

லயனல் மேலே கையைக் காட்டினார்.

"அவர் வந்து சாட்சி சொல்லுவாரா? நிகழ்ச்சி நிரல்ல அவர்ர பேரக் காணல்லயே." பிலிப்பு குரலைத் தணித்துக்கொண்டார். "மூண்டாம் வாங்கில மக்டலின் அக்கா இரிப்பா. அவட மகனை அதே வருசம் வேறொரு சாக்குத்தான் காட்டிக் குடுத்த. எந்தச் சாக்கு எண்டு அவவுக்குத் தெரியா. என்னைப் பாத்தா என்ன நினைப்பா? நான் இந்த ஊரில தேத்தண்ணி ஊத்திச் சாகோணும் ஓடாவியார்."

லயனல் வீட்டுக்கு வந்து மேர்டிலிடம் சொன்னார். நன்றியைச் சரியான விலாசத்துக்கு அனுப்பவேண்டும். ஆனால் விலாசம் ஒருவருக்கும் தெரியக்கூடாது. என்ன செய்வது?

"பேசாமப் பாஸ்டர்ர ஒளியைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மேர்டில். பிறகு சற்று நேரம் கழித்து, "சொன்னா நான் உங்களோட ஒரு கிழமைக்குக் கதைக்கமாட்டன்" என்றாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கனடா விருந்தினர் மூவர் முன்வரிசையில் மாலை போட்டபடி வியர்த்துக்கொண்டிருந்தார்கள். வாவிப் பக்க யன்னல்களால் வந்த காற்று மேடையை நோக்கி வீசியது. புகை மெசின் மேடைக்குக் கீழே ஒரு மாடுபோலப் படுத்திருந்தது. லயனல் ஒலிவாங்கி முன்னால் போய் நின்றார். பக்கத்தில் பாஸ்டர் ஜொய்சன், விருந்தினருக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தயாராக நின்றார்.

லயனல் மூன்று பக்கங்களையும் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "அண்டைக்கு ஒளி ஒண்டும் வரல்ல" என்றார்.

பாஸ்டர் ஒரு கணம் தடுமாறி, "அன்று எங்கும் இருள்" என்று மொழிபெயர்த்தார்.

"எங்களைக் காப்பாத்தினது ஒரு கொச்சிக்காய்ச் சாக்கு."

"வானத்திலிருந்து ஓர் ஆடை இறங்கியது" என்றார் பாஸ்டர் ஆங்கிலத்தில். விருந்தினர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

"அதைப் போட்டிருந்த மனிசன் தும்மினான். முதல் மூண்டும் உண்மைத் தும்மல். மற்ற நாற்பதும் அவன் வேணுமெண்டு போட்ட தும்மல். துவக்கால குத்தக் குத்தப் போட்டான். அதுக்கு வாங்கின அடியில அவனுக்கு ஒரு காது போச்சு. நான் சாப்பாட்டு ஜெபம்தான் சொன்னன். சமைத்த கைகளை ஆசீர்வதியும் எண்டன். எனக்குச் சமைச்சது ஆரெண்டு அப்ப தெரியா."

இந்த இடத்தில் பாஸ்டர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். சரியாக ஏழாவது நிமிடம் ஆனது. கொழும்பிலிருந்து வந்த ஆளுக்குச் சாட்சி முக்கியமில்லை, மணிக்கூடுதான் முக்கியம், பொத்தானை அமத்தினான். வெள்ளை ஒளியும் புகையும் எழுந்தன. காற்று அவ்வளவையும் மேடைமேலேயே திருப்பி அடித்தது. பேரொளியின் நடுவே லயனலும் பாஸ்டரும் இருமிக்கொண்டு நின்றார்கள்.

டஸ்டின் தலைவர் கதிரையிலிருந்து எழுந்தார். கோபத்தில் ஆங்கிலத்தை மறந்துவிட்டார். "என்ன லயனல் கதைக்கிற? அந்த ஒபிசரோட கதைச்சது நான்! சாக்குக்காரன் நல்லவனாம். அப்ப மற்ற இடங்களில தலையாட்டினவன் ஆர்? நம்மட பொடியனுகளைக் காட்டிக் குடுத்தவன் ஆர்? அவனுக்கு இஞ்ச, கோயிலுக்குள்ள, நன்றியோ?"

மண்டபம் முணுமுணுத்தது. சிலர் மக்டலினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மடியில் கைகளை வைத்தபடி அசையாமல் இருந்தார். லயனல் வாயைத் திறந்தார். பெயரைச் சொன்னால் பிலிப்பு போய்விடுவார். சொல்லாவிட்டால் சொன்னது முழுவதும் கதையாகிவிடும். ஒன்றும் வரவில்லை. புகை மட்டும் வந்தது.

அப்போது பின்கதவடியிலிருந்து:

"ஹா... ஹா... அச்சும்!"

எல்லோரும் திரும்பினார்கள். பிலிப்பு தேத்தண்ணித் தட்டோடு நின்றார். துவாய் தோளில் தொங்கியது. அதை அவர் எடுக்கவில்லை. தட்டிலிருந்த இருபது கோப்பைகளில் ஒன்றுகூட அசையவில்லை. புகை அந்தப் பக்கம் போகவேயில்லை.

லயனலுக்கு விளங்கியது. அது போட்ட தும்மல். மைதானத்தில் நின்றவர்களில் ஐந்து பேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள்; அந்தச் சத்தம் அவர்களுக்கும் விளங்கியது. டஸ்டின் மெல்ல உட்கார்ந்தார்.

பிலிப்பு தட்டை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"யேசுவே."

மூன்றாம் வாங்கில் மக்டலின் எழுந்து திரும்பி நின்றார். பிலிப்பின் முகத்தை, சாக்கில் துளை இருக்கவேண்டிய இரண்டு இடங்களையும், வெகுநேரம் பார்த்தார்.

"என்ர மகனுக்கு முன்னால நீ இருந்திருந்தா" என்றார். அவ்வளவுதான் முடிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பிள்ளைக்குச் சொல்வதுபோல, "நூறு" என்றார்.

"இருநூறு" என்றது நடுவில் ஒரு கிழட்டுக் குரல். "முந்நூறு" என்றது இன்னொன்று. விருந்தினரில் ஒருவர், காணிக்கை ஏலம் போடுகிறார்களா என்று பாஸ்டரிடம் கேட்டார். டஸ்டின் கொஞ்ச நேரம் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், "பிளெஸ் யூ" என்றார். அவருடைய ஆங்கிலம் ஒருவருக்கு உதவியதென்றால் அது அன்றைக்குத்தான்.

லயனல் இன்னமும் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். பேச நிறைய இருந்தது. தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றுதான் கிடைத்தது.

"கர்த்தாவே, நீர் தரும் இந்த உணவுக்காக உமக்கு நன்றி" என்று தொடங்கினார். பின்கதவைப் பார்த்தார். "இதைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதியும்."

"ஆமென்!" என்று மண்டபம் முழங்கியது. சாப்பாடு தயார் என்று நினைத்துக்கொண்டு சபை மொத்தமாக எழுந்தது. டான்சும் தலைவர் பேச்சும் இன்னும் பாக்கி என்று பாஸ்டர் ஜொய்சன் புகைக்குள்ளிருந்து கத்தியது எவருக்கும் கேட்கவில்லை. புரியாணிச் சட்டிகள் இருந்த பின்கதவை நோக்கிக் கூட்டம் நகர்ந்தது. அங்கே வழியை அடைத்துக்கொண்டு பிலிப்பு நின்றார்.

"தள்ளி நில்லுங்க பிலிப்பு" என்றாள் மேர்டில், அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு. "இல்லாட்டி உள்ளுக்க போய் இரிங்க. இண்டைக்குத் தேத்தண்ணி நான் ஊத்துறன்."